பி.பி. இருக்கிறதா? தொப்பையையும் அளந்து எழுதுங்கள்: வடசென்னைக்காரர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி பக்கம் பி.பி. மாத்திரை சாப்பிடும் ஒருவராவது இல்லாத வீட்டைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். மாதா மாதம் மாத்திரை வாங்கப் போகிறோம். கையில் பட்டையைச் சுற்றி பி.பி. பார்த்து, நோட்டில் எழுதிக் கொடுத்து அனுப்புகிறார்கள். இடுப்புச் சுற்றளவை மட்டும் பெரும்பாலும் யாரும் எடுப்பதில்லை. ஆனால் பி.பி. உள்ள ஒருவருக்கு மாரடைப்பு, பக்கவாதம், சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு வரும் வாய்ப்பு எவ்வளவு என்று காட்டுவதில் அந்த எண்ணுக்குப் பெரிய பங்கு உண்டு. அதற்குத் தேவை ஒரு தையல் டேப் மட்டும்தான்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் (ஐ.சி.எம்.ஆர்.) சென்னையில் உள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் சேர்ந்து நாடு முழுக்க நடத்திய பெரிய ஆய்வின் முடிவு 2023இல் வந்தது. இந்தியாவில் பெரியவர்களில் 35.5 சதவீதம் பேருக்கு உயர் ரத்த அழுத்தம். உயரத்துக்கு மீறிய எடை என்ற கணக்கில் பருமனானவர்கள் 28.6 சதவீதம். வயிற்றுப் பருமன் உள்ளவர்களோ 39.5 சதவீதம். இந்தக் கடைசி இரண்டு எண்களுக்கும் நடுவில் நிற்பவர்கள்தான் “நான் ஒண்ணும் குண்டு இல்லியே” என்று சொல்பவர்கள். இந்த வழிகாட்டி முக்கியமாக அவர்களுக்காகத்தான்.

முதல் படி: இடுப்பை அளப்பது

பேண்ட் சைஸை நம்பாதீர்கள். தொப்பை வளர வளர ஆண்கள் பேண்ட்டையும் லுங்கியையும் கீழே இறக்கிக் கட்டிக்கொள்வார்கள். பத்து வருஷமாக 34தான் என்பார்கள். அந்த 34, வயிற்றுக்குக் கீழே எடுத்த அளவு. பெண்களுக்குப் பாவாடை நாடா பதியும் தழும்பும் அப்படித்தான், பலருக்கு அது சரியான இடத்துக்குக் கீழே இருக்கும்.

சரியான இடம் இது: விலாவில் கடைசி எலும்பு எங்கே முடிகிறது என்று விரலால் தடவிப் பாருங்கள். அடுத்து இடுப்பு எலும்பின் மேல் விளிம்பைத் தொட்டுப் பாருங்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு புள்ளி வைத்து, அந்த மட்டத்திலேயே டேப்பைச் சுற்றுங்கள். முதுகுப் பக்கம் டேப் இறங்கிவிடும், அதனால் கண்ணாடி முன் நில்லுங்கள் அல்லது வீட்டில் யாரையாவது பிடிக்கச் சொல்லுங்கள். துணி மேல் அளக்கக் கூடாது. கால்களைச் சற்று அகட்டி நின்று, சாதாரணமாக மூச்சை வெளியே விட்டு முடிக்கும்போது எண்ணைப் பாருங்கள். வயிற்றை எக்க வேண்டாம். டேப் தோலைத் தொட்டால் போதும், அமுக்கக் கூடாது. காலையில் சாப்பிடும் முன் எடுப்பது நல்லது. இரண்டு முறை எடுத்துச் சராசரியை எழுதுங்கள்.

நம் தெற்காசிய உடல்வாகுக்கு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்பது எல்லை. அங்குலத்தில் ஏறக்குறைய முப்பத்தைந்தரை, முப்பத்தொன்றரை. வெள்ளைக்காரர்களுக்கு இந்த எல்லை இதைவிட அதிகம், ஏனென்றால் அதே இடுப்பளவில் நமக்கு உள்ளே கொழுப்பு கூடுதலாகச் சேர்கிறது. இன்னொரு சுலபக் கணக்கும் உண்டு: இடுப்புச் சுற்று உயரத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. 160 செ.மீ. உயரமானவருக்கு 80. கர்ப்பிணிகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

எங்கள் தெருவில் ஹார்பரில் மூட்டை தூக்கிய அண்ணன் ஒருவர் இருக்கிறார். கை கால் ஒல்லி, வயிறு மட்டும் முன்னால் தள்ளியிருக்கும். டேப்பை எடுத்தால், “இது கொழுப்பு இல்லப்பா, கல்லு மாரி கீது பாரு” என்று வயிற்றைத் தட்டிக் காட்டுவார். அளந்து பார்த்தால் 101. கல் மாதிரி இருப்பதுதான் கவலைக்குரியது. விரலால் கிள்ளிப் பிடிக்க முடிகிற மெத்தென்ற கொழுப்பு தோலுக்கு அடியில் இருப்பது, அது அவ்வளவு கெடுதல் இல்லை. கல்லீரலையும் குடலையும் சுற்றி உள்ளே சேரும் கொழுப்பு வயிற்றுத் தசையை உள்ளிருந்து முன்னால் தள்ளுகிறது. அதனால் தொட்டால் இறுக்கமாக இருக்கும். அதைப் பலம் என்று நினைத்துப் பெருமைப்படும் அண்ணன்கள் நம் பக்கம் நிறைய. வயிறு திடீரென்று வேகமாகப் பெருத்தால் மட்டும் அது வேறு நோயாக இருக்கலாம், உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

இரண்டாம் படி: பி.பி.யை ஒழுங்காக எடுப்பது

மாடிப்படி ஏறி வந்து, டீ குடித்த சூட்டோடு, பேசிக்கொண்டே எடுத்த பி.பி.க்கு மதிப்பில்லை. டீயும் பீடி சிகரெட்டும் அரை மணி நேரம் முன்பே நிற்க வேண்டும். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்ந்து, கால் இரண்டும் தரையில் பதிய, ஐந்து நிமிஷம் பேசாமல் உட்காருங்கள். கை நெஞ்சு மட்டத்தில் மேசை மேல் இருக்கட்டும். ஒரு நிமிஷ இடைவெளியில் இரண்டு முறை எடுங்கள். வீட்டு மிஷின் வாங்குகிறவர்கள் மேல்கையில் கட்டும் வகையை வாங்குங்கள். கை பருமனாக இருந்தால் பெரிய பட்டை கேட்டு வாங்க வேண்டும், சின்னப் பட்டை கட்டினால் பி.பி. உண்மையைவிட அதிகமாகக் காட்டும்.

மருத்துவமனையில் 140/90, வீட்டில் 135/85. இவற்றைத் தொட்டாலோ தாண்டினாலோ அதிகம் என்று கணக்கு. ஒரே நாள் எண்ணைப் பார்த்து முடிவு கட்டாதீர்கள். நோட்டில் பி.பி.க்குப் பக்கத்திலேயே ஒரு கட்டம் போட்டு, மாதம் ஒருமுறை இடுப்பளவையும் எழுதுங்கள். அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது இரண்டையும் காட்டுங்கள்.

தொப்பை எப்படி பி.பி.யை ஏற்றுகிறது

இதைப் புரிந்துகொண்டால் பின்னால் சொல்வதெல்லாம் சுலபம். வயிற்றுக் கொழுப்பு சும்மா கிடக்கும் சேமிப்பு அல்ல, அது ரசாயனங்களைச் சுரந்துகொண்டே இருக்கிறது. அவற்றில் ஒன்று, ரத்தக் குழாயைச் சுருக்கி உடலில் உப்பைத் தேக்கும் ஆஞ்சியோடென்சின் உருவாவதற்கான மூலப்பொருள். டெல்மிசார்ட்டன், லோசார்ட்டன், எனலாப்ரில் என்று நாம் விழுங்கும் மாத்திரைகள் மறிப்பது இந்தப் பாதையைத்தான். ஒரு பக்கம் மாத்திரை மறிக்க, இன்னொரு பக்கம் தொப்பை ஊற்றிக்கொண்டே இருக்கிறது. மாத்திரையின் எண்ணிக்கை ஒன்றிலிருந்து இரண்டாக, மூன்றாக ஏறுகிறவர்களில் பலருக்கு இது ஒரு காரணம்.

உள்ளே நிறைந்த கொழுப்பு சிறுநீரகத்தைச் சுற்றி அழுத்துவதும் உண்டு. அழுத்தப்பட்ட சிறுநீரகம் உப்பை வெளியேற்றாமல் பிடித்து வைக்கிறது. இன்சுலின் சரியாக வேலை செய்யாததால் உடல் அதை அதிகமாகச் சுரக்கிறது, அந்தக் கூடுதல் இன்சுலினும் உப்பைத் தேக்கும். நரம்பு மண்டலம் எப்போதும் பரபரப்பில் இருக்கும். ராத்திரி தொண்டை அடைத்துக் குறட்டையும் மூச்சுத் தடையும் வரும், அது விடிகாலை பி.பி.யை ஏற்றிவிடும்.

தொப்பையும் பி.பி.யும் ஒன்றாக இருக்கும்போது இதயத் தசை தடிக்கிறது, மூளைக்குப் போகும் குழாய்கள் கெடுகின்றன, சிறுநீரக வடிகட்டி ஓட்டையாகிப் புரதம் கசிகிறது, கல்லீரலில் கொழுப்பு படிகிறது, சர்க்கரை எட்டிப் பார்க்கிறது. 52 நாடுகளில் மாரடைப்பு வந்தவர்களை வைத்து நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வு, மாரடைப்பு ஆபத்தைக் காட்டுவதில் உடல் எடைக் கணக்கைவிட இடுப்பு அளவுக் கணக்கு மேல் என்று காட்டியது.

மூன்றாம் படி: என்னென்ன டெஸ்ட்

வெறும் வயிற்றுச் சர்க்கரை, மூன்று மாதச் சராசரி காட்டும் எச்பிஏ1சி, கொழுப்பு டெஸ்ட், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று ரத்தத்தில் பார்க்கும் கிரியாட்டினின், சிறுநீரில் கசியும் புரதமான ஆல்புமின், ஒரு ஈ.சி.ஜி. இவற்றை வருஷம் ஒருமுறையாவது எடுத்துவிடுங்கள். ஆல்புமினைத்தான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள், கிரியாட்டினின் ஏறுவதற்கு முன்பே சிறுநீரகக் கெடுதலைக் காட்டிக்கொடுப்பது அதுதான். நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் இவற்றில் எது கிடைக்கும் என்று கேளுங்கள், மீதிக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனை இருக்கிறது. ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மருத்துவமனையில் பிள்ளை பெற்றபோது பி.பி. ஏறியது என்று சொல்லும் அக்காமார்கள் நிறையப் பேர். பிரசவத்தோடு அது போய்விட்டது என்று விட்டுவிடாதீர்கள். அவர்களுக்குப் பின்னாளில் பி.பி.யும் இதய நோயும் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம், அதனால் வருஷாவருஷம் பார்க்க வேண்டும்.

நான்காம் படி: உப்பு

உலக சுகாதார நிறுவனம் சொல்வது ஒருவருக்கு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது தலைதட்டிய ஒரு டீஸ்பூன். அதை யார் தினமும் அளந்துகொண்டிருப்பது? நான் சொல்லும் வழி வேறு. புது உப்புப் பாக்கெட்டைப் பிரிக்கும் அன்று அதன் மேல் தேதியை எழுதுங்கள். நான்கு பேர் உள்ள வீட்டில் ஆளுக்கு 5 கிராம் என்றால் நாளைக்கு 20 கிராம், ஒரு கிலோ 50 நாள் வர வேண்டும். மூன்று வாரத்தில் தீர்ந்தால் ஆளுக்கு ஏறக்குறைய 12 கிராம் போகிறது என்று அர்த்தம். இதில் வெளியே வாங்கிச் சாப்பிடுவது சேராது. அடுத்த பாக்கெட் ஒரு வாரம் கூடுதலாக வரட்டும், அதற்கடுத்தது இன்னும் ஒரு வாரம். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தால் நாக்கு சில வாரங்களில் பழகிவிடும். ஒரே நாளில் உப்பில்லாச் சாப்பாடு போட்டால் வீட்டில் சண்டைதான் வரும்.

கருவாடு நம் பக்கத்து உயிர், விடச் சொல்ல மனம் வரவில்லை. ஆனால் தினம் தொட்டுக்கொள்ளும் பண்டமாக வைக்காமல் எப்போதாவது என்று மாற்றிக்கொள்ளுங்கள். வெந்நீரில் ஊறவைத்து, தண்ணீரை இரண்டு முறை கொட்டிவிட்டுக் குழம்பு வையுங்கள். குழம்புக்குத் தனியாக உப்புப் போடும் முன் ருசி பாருங்கள். இப்படிச் செய்தாலும் உப்பு முழுவதும் போகாது, அதனால் அன்றைக்கு அப்பளமும் ஊறுகாயும் மோர் மிளகாயும் வேண்டாம். காசிமேட்டில் விடியலில் புது மீன் கிடைக்கிற ஊரில் இருக்கிறோம். மத்தி, கானாங்கத்தை, நெத்திலி விலையும் மலிவு, இதயத்துக்கும் நல்லது. குழம்பாக வையுங்கள் அல்லது தோசைக்கல்லில் கொஞ்சம் எண்ணெயில் வாட்டுங்கள். கடாய் நிறைய எண்ணெயில் பொரித்தால் வாங்கிய பலன் பாதி போய்விடும்.

அத்தோ (பர்மா நூடுல்ஸ்) கடைக்குப் போகிறவர்கள் உப்பும் பொரித்த வெங்காயமும் கம்மியாகப் போடச் சொல்லுங்கள். கூடக் கொடுக்கும் சூப்பை முழுக்கக் குடிக்காதீர்கள். இந்துப்பு, கல் உப்பு என்று மாற்றுவதால் லாபமில்லை, அவற்றிலும் பெரும்பகுதி அதே சோடியம்தான். சோடியம் குறைத்துப் பொட்டாசியம் சேர்த்த உப்பு பி.பி.யைக் குறைக்கும். ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், முன்னால் சொன்ன டெல்மிசார்ட்டன் வகை மாத்திரை சாப்பிடுகிறவர்களும் டாக்டரைக் கேட்காமல் அதைத் தொடக் கூடாது. ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும்.

ஐந்தாம் படி: தட்டும் டம்ளரும்

சோற்றை நிறுத்தச் சொல்லவில்லை. மலை மாதிரி சோறு, ஓரத்தில் ஒரு ஸ்பூன் பொரியல் என்ற அளவைத் திருப்ப வேண்டும். தட்டில் பாதி காய் கீரை, கால் பங்கு மீன், முட்டை, பருப்பு, பயறு, மீதிக் கால் பங்குதான் சோறு. காயையும் மீனையும் முதலில் சாப்பிட்டுவிட்டுச் சோற்றுக்கு வந்தால் இரண்டாம் முறை போட்டுக்கொள்ளும் ஆசை தானாகக் குறையும். சுரைக்காய், கொத்தவரை, முருங்கைக்கீரை எல்லாம் மார்க்கெட்டில் கிடைக்கிற சாதாரணக் காய்கள்தான். ஓட்ஸ் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றில்லை.

அதிகம் பேசப்படாதது டீ. நாளைக்கு ஐந்து டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் பத்து ஸ்பூன், சுமார் 40 கிராம், 160 கலோரி. இதோடு இரண்டு பஜ்ஜியும் ஒரு பன்னும் சேர்ந்தால் ஒரு வேளைச் சாப்பாட்டையே கூடுதலாகச் சாப்பிட்டதாகிவிடும். டீ மாஸ்டரிடம் “அண்ணே, அரைச் சர்க்கரை” என்று ஒரு வாரம் சொல்லுங்கள், அப்புறம் அவரே போட்டுக்கொடுப்பார். எண்ணெய் நான்கு பேருக்கு மாதம் இரண்டு லிட்டர் போதும். ராத்திரிச் சாப்பாட்டை எட்டு மணிக்குள் முடிக்கப் பாருங்கள், ஷிஃப்டில் இருப்பவர்கள் நடுராத்திரி பிரியாணியையாவது விடுங்கள்.

சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் தொப்பை குறைய வேண்டும் என்று தாங்களாகப் பட்டினி கிடக்காதீர்கள், சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழ நேரும்.

ஆறாம் படி: நடை

வாரத்துக்கு 150 நிமிஷம், அதாவது ஐந்து நாள், நாளைக்கு அரை மணி. நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அதுதான் சரியான வேகம். அரை மணியைப் பத்துப் பத்து நிமிஷமாகப் பிரித்தாலும் பலன் உண்டு. ராயபுரம் ராபின்சன் பூங்கா, பெரம்பூர் முரசொலி மாறன் பூங்கா, திருவொற்றியூர்க் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்கள் என்று இடம் இருக்கிறது. எண்ணூர் நெடுஞ்சாலை ஓரம், கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் நேரத்தில் நடக்க வேண்டாம். அந்தப் புகையும் தூசியும் பி.பி.க்குக் கெடுதல். அன்றைக்கு உள் தெருவிலோ மொட்டை மாடியிலோ நடங்கள். மெட்ரோவில் போகிறவர்கள் ஒரு ஸ்டேஷன் முன்னால் இறங்கி நடக்கலாம்.

வயிற்றை மடக்கி எழும் பயிற்சியால் தொப்பைக் கொழுப்பு மட்டும் தனியாகக் கரையாது. இடுப்பில் கட்டும் பெல்ட் வியர்வையைத்தான் எடுக்கும். நடையும் சாப்பாடும் சேர்ந்தால், உள்ளே இருக்கும் கொழுப்பு தோலடிக் கொழுப்பைவிட வேகமாகக் கரையத் தொடங்கும். எடைக் கருவி அசையாத மாதத்திலும் டேப் இறங்குவதைப் பலர் பார்த்திருக்கிறார்கள். வாரம் இரண்டு நாள் நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்கார்வது, சுவரில் கை வைத்துத் தண்டால் எடுப்பது போன்ற பயிற்சியும் வேண்டும். மூச்சை அடக்கிக்கொண்டு பாரம் தூக்கக் கூடாது, அந்த நொடியில் பி.பி. எகிறும். பி.பி. 180/110ஐத் தாண்டி இருப்பவர்களும், நடந்தால் நெஞ்சு இறுகுகிறவர்களும் முதலில் டாக்டரைப் பாருங்கள்.

அரைக் கிலோவுக்கு மேல் ஒரு வாரத்தில் குறைக்க முயல வேண்டாம். எடை ஒரு கிலோ குறைந்தால் பி.பி.யில் மேல் எண் ஏறக்குறைய ஒரு புள்ளி இறங்கும். ஐந்து கிலோ என்பது ஐந்து புள்ளி.

ஏழாம் படி: மறைந்திருக்கும் காரணங்கள்

உடம்பு வலிக்குக் கடையில் வாங்கிப் போடும் மாத்திரையைத்தான் முதலில் சொல்வேன். மூட்டை தூக்குகிறவர், வலை இழுக்கிறவர், தையல் மிஷினில் உட்காருகிறவர் என்று நம் பக்கம் வலி இல்லாத உடம்பு குறைவு. டைக்ளோஃபெனாக், ஐபூப்ரோஃபென் வகை மாத்திரைகள் பி.பி.யை ஏற்றும், உப்பைத் தேக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். மெடிக்கல் ஷாப்பில் கேட்கும்போதே “எனக்கு பி.பி. இருக்கு” என்று சொல்லுங்கள், அடிக்கடி தேவைப்பட்டால் டாக்டரிடம் வேறு மருந்து கேளுங்கள். சளிக்கு மூக்கடைப்பு திறக்கும் சில மாத்திரைகளும், ஸ்டீராய்டும் இதே பட்டியலில் சேரும். தொண்டைக்கு நல்லது என்று அதிமதுரத்தை நாள்கணக்கில் மெல்லுகிறவர்கள் நிறுத்திவிடுங்கள், அதுவும் பி.பி.யை ஏற்றும்.

மாவா, ஹான்ஸ் போன்ற வாயில் போடும் புகையிலை, சிகரெட் எல்லாவற்றிலும் நிகோட்டின் இருக்கிறது, போடும் ஒவ்வொரு முறையும் அழுத்தம் ஏறும். சாராயம் பி.பி.யையும் ஏற்றும், கலோரியையும் சேர்க்கும், கூட வரும் சைட் டிஷ் உப்பையும் சேர்க்கும். குறைத்தால் சில வாரங்களில் பி.பி. எண்ணிலேயே தெரியும். தினமும் நிறையக் குடிக்கிறவர் திடீரென்று நிறுத்தினால் நடுக்கமும் வலிப்பும் வரலாம், டாக்டர் துணையோடு நிறுத்துங்கள். சத்தமாகக் குறட்டை விட்டு, இடையில் மூச்சு நின்று திணறி எழுகிறவர்களை வீட்டில் இருப்பவர்கள் கவனித்துச் சொல்ல வேண்டும். தூங்குகிறவருக்கு அது தெரியாது.

எட்டாம் படி: மாத்திரை

தொப்பை குறைகிறது என்று மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். தலை சுற்றவில்லை, நல்லாத்தான் இருக்கிறேன் என்பதும் காரணமாகாது, பி.பி. ஏறியிருப்பது பெரும்பாலும் உடம்புக்குத் தெரியவே தெரியாது. மாறாக, எடை குறைந்த பிறகு உட்கார்ந்து எழும்போது கண் இருட்டினால், வீட்டில் எடுத்த பி.பி.யின் மேல் எண் 110க்குக் கீழே வந்துகொண்டிருந்தால், நோட்டோடு போய் டாக்டரைப் பாருங்கள். மாத்திரை அளவைக் குறைப்பதை அவர் முடிவு செய்யட்டும். அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் பி.பி. மாத்திரை இலவசம். 2021 ஆகஸ்ட் 5இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். நடக்க முடியாத ஆயா, தாத்தா வீட்டில் இருந்தால் பக்கத்துச் சுகாதார நிலையத்தில் பெயர் பதிந்து வையுங்கள்.

காத்திருக்கக் கூடாத நேரம்

முகம் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கையோ காலோ விழுந்துபோவது, பேச்சு குழறுவது, நெஞ்சை இறுக்கிப் பிடித்து வியர்ப்பது, பி.பி. 180/120ஐத் தாண்டியிருக்கும்போது கடும் தலைவலி, பார்வை மங்கல், மூச்சுத் திணறல். இவற்றில் ஒன்று வந்தாலும் 108ஐக் கூப்பிடுங்கள். நாக்கின் அடியில் மாத்திரை வைத்துப் பார்ப்போம், விடியட்டும், வாயுவாக இருக்கும் என்று நேரத்தைப் போக்காதீர்கள். பக்கவாதத்தில் பேச்சு குழறுகிறவருக்குத் தண்ணீரோ மாத்திரையோ வாயில் கொடுக்காதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி, தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போட்டால்தான் பலன் தரும். அதனால் கடைசியாக நல்லபடியாக இருந்தது எத்தனை மணிக்கு என்பதைக் கடிகாரம் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள், பி.பி. நோட்டையும் மாத்திரைச் சீட்டையும் எடுத்துக்கொண்டு வண்டியில் ஏறுங்கள்.